காத்து வரணும், கண்ணு வரக் கூடாது

கிரில் பட்டறைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வீடு கட்டுகிற மனிதர் மேஸ்திரியோடு மல்லுக்கட்டி, ஆசாரியோடு மல்லுக்கட்டி, மணல் லாரிக்காகக் காத்துக் காத்து, கடைசியில் 'ஜன்னல்தானே பாக்கி' என்று எங்களிடம் வந்து சேருவார். அதற்குள் அவருக்குப் பொறுமை தீர்ந்து போயிருக்கும். வீடு கட்டிப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். நீங்களும் ஏதோ ஒரு பட்டறை வாசலில் 'நாளைக்கு ரெடி' என்ற சொல்லை நம்பி நாலு நாள் நடந்திருப்பீர்கள். அப்படி ஆட்களை நடக்கவிட்டவர்களில் நானும் ஒருவன் என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் திண்டுக்கல் பழனி ரோட்டில் எங்கள் பட்டறை இருந்தது. நான் டிராயிங் வாத்தியார் வேலைக்குப் படித்தவன். எம்ப்ளாய்மெண்ட் ஆபீசில் பதிந்துவிட்டு, இன்டர்வியூ கார்டு வருகிற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமே என்று இந்தத் தொழிலில் இறங்கினேன். கார்டு வரவேயில்லை. கூட்டாளி, பேகம்பூர் காதர் பாய். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஜன்னலை முழு அளவில் வரைவேன். அவர் தரையில் பதித்த இரண்டு இரும்பு முளைகளுக்கு நடுவே பட்டையைச் செருகி, நெம்பி நெம்பி வளைத்து, என் கோட்டின் மேல் கொண்டுவந்து வைத்துப் பார்ப்பார். இரும்பு கோட்டின் மேல் உட்கார்ந்துவிட்டால் எனக்கு ஒரு டீ. உட்காராவிட்டால் கோடு தப்பு என்பார். இரும்பு தப்பு என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை.

அந்த வருஷங்களில் கொடி, அன்னம், மயில், அலை என்று எத்தனையோ செய்தோம். அவ்வளவிலும் என்னைப் பாடாய்ப்படுத்தியது கோமதி டீச்சரின் ஜன்னல் ஒன்றுதான். அது சரியாக வராவிட்டால் டீச்சர் தன்னுடைய டான்ஸ் கிளாஸை மூடியாக வேண்டும். அந்த ஜன்னலைப் பற்றிச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். நடுவில் வேறு சிலரும் வந்து போவார்கள். பட்டறை என்றால் அப்படித்தான்.

கையை எடுக்காமல்

குஜிலியம்பாறையிலிருந்து புருஷனும் பெஞ்சாதியுமாக வந்தார்கள். அவர் கட்டம் கட்டமாக இருந்தால் போதும் என்றார். அந்த அம்மாளுக்குத் தான் போடுகிற கோலமே ஜன்னலில் வர வேண்டும். எப்படி இருக்கும் என்று கேட்டேன். என் கையிலிருந்த சாக்பீஸை வாங்கினார். சேலையைச் செருகிக்கொண்டு குனிந்தார். புள்ளி வைத்தார். ஒரு புள்ளியில் தொடங்கி, வளைத்து, மடக்கி, உள்ளே நுழைந்து, வெளியே வந்து, தொடங்கிய இடத்திலேயே கொண்டுவந்து முடித்தார். வளைகோடு போட ரெண்டு வருஷம் படித்துச் சர்டிபிகேட் வாங்கிய நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

காதர் பாய் அந்தக் கோலத்தை ரெண்டு சுற்றுச் சுற்றி வந்தார். மாவுக் கோடு தன் மேலேயே ஏறித் தாண்டிவிடும். இரும்பு அப்படித் தாண்டாது. கோடு கோட்டை வெட்டுகிற ஒவ்வொரு இடத்திலும் அறுத்து, ஒட்டி, அரத்தால் ராவ வேண்டும். ராவினோம். ஒட்டு தெரியாமல் ரெட் ஆக்சைடும் அடித்து வைத்தோம். எடுக்க வந்த அன்றைக்கு அந்த அம்மாள் ஆள்காட்டி விரலை ஓர் இடத்தில் வைத்து, கோட்டின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார். ஒவ்வொரு ஒட்டிலும் விரல் லேசாக நின்று நின்று போனது. சுற்றி முடித்து நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கைய எடுக்காமப் போட்டேன். நீங்க பன்னெண்டு தடவ எடுத்திருக்கீக."

டீச்சர் கேட்ட ஜன்னல்

கோமதி டீச்சர் எங்கள் பட்டறைக்கு ரெண்டு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தார். நாற்பது வயது இருக்கும். முன்ஹாலில் சனி, ஞாயிறு காலையில் பதினைந்து பிள்ளைகளுக்குப் பரதநாட்டியம் சொல்லிக்கொடுப்பார். அதுதான் அவருக்குச் சோறு போட்டது. முதல் தடவை பட்டறைக்கு வந்தபோது தரையில் நான் பாதி வரைந்து வைத்திருந்த மயிலைப் பார்த்தார். கழுத்திலிருந்து தோகைக்குப் போகிற கோட்டைக் கண்ணால் தொடர்ந்தவர், தன்னை அறியாமலே கையையும் அதன்படி லேசாக ஓட்டினார். பாதி வழியில் கை நின்றுவிட்டது. "இங்க ஒடியுது தம்பி" என்றார். குனிந்து பார்த்தேன். ஒடிந்துதான் இருந்தது. அழித்துப் போட்டேன்.

பிறகு வந்த விஷயத்தைச் சொன்னார். ஹாலுக்கு ஒரே ஜன்னல், தெருவைப் பார்த்தது. கிளாஸ் நடக்கும்போது ஜன்னலுக்கு எதிரே வேலைவெட்டி இல்லாத கூட்டம் ஒன்று நின்று பிள்ளைகளை வேடிக்கை பார்க்கிறது. தெருக்காரர்கள் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரிடம் முறையிட்டிருக்கிறார்கள். ஒன்று ஜன்னலைச் சாத்து, இல்லையென்றால் கிளாஸை நிறுத்து என்று அவர் சொல்லிவிட்டார். ஜன்னலைச் சாத்தியும் பார்த்தாயிற்று. மேலே தகரக் கூரை, வெளியே சித்திரை வெயில். இரண்டாவது வாரமே ஒரு பிள்ளை மயங்கி விழுந்துவிட்டது. திரை போட்டால் காற்று நின்றுவிடுகிறது. வேறு வீடு தேடினால், தட்டுகிற சத்தமும் சலங்கைச் சத்தமும் ஆகாது என்று யாரும் தருவதில்லை. கிரில்லிலேயே ஏதாவது வழி உண்டா என்று கேட்டார். எப்படி இருக்க வேண்டும் என்று நான் நோட்டை எடுத்தேன்.

"காத்து வரணும், கண்ணு வரக் கூடாது. அம்புட்டுத்தான் தம்பி."

நான் காட்டிய கைவரிசை

டான்ஸ் டீச்சர் வீட்டு ஜன்னல் என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. சர்டிபிகேட் வாங்கிய கையாயிற்றே. ஜன்னல் முழுக்க ஆடுகிற பெண்களாகவே வரைந்து தள்ளினேன். ஒருத்தி கையை உயர்த்தியிருப்பாள், அந்தக் கை வளைந்து அடுத்தவளின் இடுப்பாகும், அந்த இடுப்பு இறங்கி மூன்றாமவளின் காலாகும். நெருக்கமாக வரைந்துவிட்டால் கண் உள்ளே போகாது என்று கணக்குப் போட்டேன். காதர் பாய் மூன்று நாள் முனகிக்கொண்டே வளைத்தார். மாட்டிவிட்டு வந்து, அன்றைக்கு நான் கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தித்தான் நடந்தேன்.

சனிக்கிழமை போய்ப் பார்த்தால், தெருவில் முன்பு நின்றதைப் போல ரெண்டு மடங்கு கூட்டம். பழைய ஆட்கள் அப்படியே நிற்கிறார்கள். அவர்களோடு ஜன்னலைப் பார்ப்பதற்கென்றே புதிதாகச் சிலர் வந்திருந்தார்கள். அடுத்த தெருவிலிருந்து ஒருவர் குடும்பத்தோடு வந்து காட்டிக்கொண்டிருந்தார். கரண்டுக் கம்பத்தடியில் ஒரு ஆள் குத்தவைத்துச் சைக்கிள் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தான். நான் அளவெடுக்க வந்த சனிக்கிழமையும் அவனுக்கு அதே இடத்தில்தான் சங்கிலி கழன்றிருந்தது. எனக்கு அவனைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது. அதற்குள் வீட்டுக்காரர் வந்துவிட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜன்னலையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அடுத்த மாசப் பிறப்புக்குள் இது சரியாகாவிட்டால் கிளாஸ் கிடையாது என்று டீச்சரிடம் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"முன்னாடி புள்ளைங்கள மட்டும் பாத்தாய்ங்க. இப்ப நீ செஞ்ச ஜன்னலப் பாக்கவும் ஆள் வருது. டிக்கெட் போட்டுருவமா?"

டிபன் பாக்ஸில் வந்த சுருள்

கூட்டமும் குறையவில்லை, யோசனையும் வரவில்லை. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். சித்தையன்கோட்டைப் பக்கம் திராட்சைத் தோட்டம் போட்டிருந்த ஒருவர் வாசல் கேட்டுக்குத் திராட்சைக் கொடி கேட்டார். டீச்சர் ஜன்னலில் பட்ட அடியை இதிலாவது ஈடுகட்டலாம் என்று கொடி, இலை, குலை, இடையிடையே கம்பிச் சுருள் எல்லாம் போட்டு வரைந்து காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பார்த்தார். அப்படியே பஸ் ஏறிப் போய்விட்டார். மறுநாள் வந்தபோது கையில் ஒரு டிபன் பாக்ஸ். எனக்கு ஏதோ பலகாரம் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டேன்.

திறந்தால் உள்ளே ஈரத்துணியில் சுற்றிய பச்சைக் கொடித் துண்டு. அதன் சுருள் பந்தல் கம்பியைப் பிடித்திருந்த இடத்தோடு வெட்டிக்கொண்டு வந்திருந்தார். பிடித்திருந்த சுருள் பாதி தூரம் ஒரு பக்கமாகச் சுற்றி, நடுவில் நின்று, மீதிப் பாதி எதிர்ப்பக்கமாகச் சுற்றியிருந்தது. இன்னொன்று எதையும் பிடிக்காதது. அது ஒரு சுற்றுக்கூட இல்லாமல் சும்மா நீட்டிக்கொண்டிருந்தது. நான் ஐந்து வயதிலிருந்து கொடி வரைகிறேன். இந்த ரெண்டையும் அன்றைக்குத்தான் பார்த்தேன். என் படத்தில் இருந்த சுருள்களை ஒவ்வொன்றாகக் காலால் சுட்டிக்காட்டிவிட்டு அவர் கேட்டார்.

"எங்க கொடி எதையாச்சும் புடிச்ச பெறகுதான்ப்பா சுருளும். உன் கொடி என்னத்தக் கண்டு இம்புட்டுச் சுருண்டு கெடக்கு?"

ஒரே பக்கம் பார்த்த அன்னங்கள்

இது என் தொழிலில் நான் செய்த பெரிய தப்பு. கிரில் பட்டறை ஆட்களைத் தவிர வேறு யாராலும் இப்படி ஒரு தப்பைச் செய்யவும் முடியாது. ரெட்டைக் கதவு கேட்டுக்கு நாங்கள் ஒரு கதவைத்தான் தரையில் வரைவோம். அதே கோட்டின் மேல் இரண்டாவது கதவையும் வளைத்து ஒட்டிவிட்டு, கீல் வைப்பதற்கு முன் அதைப் புரட்டிப் போட்டுவிட வேண்டும். அப்போதுதான் ரெண்டு கதவிலும் உள்ள பறவைகள் ஒன்றையொன்று பார்க்கும். பாலசமுத்திரத்துக்காரர் ஒருவர் மகள் கல்யாணத்துக்காக அன்னம் போட்ட கேட் சொல்லியிருந்தார். டீச்சர் ஜன்னலை நினைத்துக்கொண்டே வேலை பார்த்ததில் நான் புரட்ட மறந்துவிட்டேன். கீல் வைத்து, பெயிண்டும் அடித்து, நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. ரெண்டு அன்னமும் கிழக்கே பார்த்துக்கொண்டிருந்தன.

அதே நேரம் பார்த்து அவர் சம்சாரத்தோடு வந்து இறங்கினார். ரெண்டு பேரும் ஏதோ மனஸ்தாபத்தில் இருந்தார்கள் போல. பட்டறைக்குள் வரும்போதே அந்த அம்மாள் பத்தடி முன்னால் நடந்தார். அவர் பின்னால். அவர் கேட்டைப் பார்த்தார். பிறகு சம்சாரத்தைப் பார்த்தார். என்னை என்ன சொல்லித் திட்டப் போகிறாரோ என்று நான் நிற்க, அவர் நிதானமாக ஒன்று கேட்டார். அந்த அம்மாளுக்குச் சிரிப்பு அடக்க முடியாமல் போயிற்று. அன்றைக்குத் திரும்பிப் போகும்போது ரெண்டு பேரும் சேர்ந்துதான் நடந்தார்கள். அவர் கேட்டது இதுதான்:

"ஏனுங்க தம்பி, அது வெடுக்குனு முன்னால போகுது, இது கெஞ்சிக்கிட்டே பின்னால போகுது. எங்கூட்டுச் சமாசாரத்த உங்களுக்கு யாருங்க சொன்னாங்க?"

பீடிப் புகை

ஒரு கதவின் கீலை அறுத்து, புரட்டி, மறுபடி வெல்டிங் வைத்து அன்னங்களைச் சமாதானம் செய்தோம். பெயிண்டு காய்ந்ததும் ரெண்டு கதவையும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தோம். மாசப் பிறப்புக்குப் பத்து நாள்தான் பாக்கி. நான் அந்தக் கதவுகளுக்குப் பின்னால், காதர் பாய் கண்ணில் படாமல் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு நின்றேன். அவருக்குப் பீடி பிடிக்காது. முன்பக்கம் அவர் என்னைத் தேடிக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது.

அவர் கதவுக்கு நேர் எதிரே வந்து நின்று உற்று உற்றுப் பார்த்தார். ஒரு கதவின் வளைவு மறுகதவின் வளைவுக்கு எதிர்த்திசையில் ஓடுவதால், பின்னால் நிற்கிறவன் துண்டு துண்டாகத் தெரிந்தானே தவிர, யார் என்று பிடிபடவில்லை. ஆனால் நான் விட்ட புகை வளைவுகளுக்கு நடுவே நுழைந்து நுழைந்து அவர் மூக்குக்கே போய்விட்டது. இருமினார். இருமி முடித்ததும் அவர் முகம் மாறியதை நான் அந்தச் சந்துகளின் வழியாகவும் உணர்ந்தேன். சாக்பீஸ் டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

"ஏலே தம்பி, உள்ள நிக்கிறது நீயா வேற ஆளான்னே தெரியல. பீடி நாத்தம் மட்டும் நல்லா வருது. டீச்சர் கேட்டது இதானப்பா."

சங்கிலி கழன்ற சைக்கிள்

அன்றைக்கே வரைந்தேன். ஆடுகிற பெண் ஒருத்தியும் இல்லை. மேலிருந்து கீழே நெளிந்து இறங்குகிற பட்டைகள் மட்டும்தான். வெளி வரிசையில் பதினொன்று, மூன்று இஞ்ச் உள்ளே தள்ளி இன்னொரு வரிசையில் பத்து. வெளிப்பட்டைகளின் சந்து எங்கே வருகிறதோ அங்கே உள்பட்டையின் வயிறு வந்து மறைக்கும். பட்டையின் அகலமான முகம் தெருவைப் பார்க்க வேண்டும். இதில்தான் சிக்கல். பட்டையை அதன் தட்டையான பக்கமாக எவனும் வளைத்துவிடுவான். விளிம்புப் பக்கமாக வளைப்பதென்றால் உலையில் பழுக்கக் காய்ச்சியாக வேண்டும். ஆறினால் கொஞ்சம் திரும்பியும் கொள்ளும், அதற்காக ஒரு நூல், அதாவது அரைக்கால் இஞ்ச், கூடுதலாக வளைக்க வேண்டும். சித்திரை வெயிலில் காதர் பாய் உலை முன்னால் நின்றார்.

மூன்றாம் நாள் பட்டறை வாசலில் ஒரு சைக்கிள் வந்து நின்றது. அந்தக் கம்பத்தடி ஆள். 'இவனுக்கு இங்கே என்ன வேலை' என்று நான் எழுந்தேன். சங்கிலி சரியாகத்தான் இருந்தது. அவர் பெயர் ராமலிங்கம், சின்னாளபட்டியில் சேலை நெய்கிறவர். டீச்சரிடம் ஆடுகிற தேவி அவருடைய மகள். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் வீட்டில் சண்டை வந்து, சம்சாரம் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டார். "அவுக வாசல மிதிக்க மாட்டேன்னு நான் சொல்லிப்பிட்டேன். மிதிச்சாக் கால ஒடிச்சுப்புடுவேன்னு மச்சினன் சொல்லிப்பிட்டாரு. ரெண்டு பேரும் வார்த்தையில நிக்கிறோம்" என்றார். டீச்சர் வீட்டுக்குள் போகலாமே என்றேன். மச்சினன் காதுக்குப் போனால் பிள்ளையின் டான்ஸை நிறுத்திவிடுவார் என்றார். அதனால்தான் சனிக்கிழமைதோறும் தறியை விட்டுச் சைக்கிளில் வருவார். அதே கம்பத்தடியில் அவரே சங்கிலியைக் கழற்றுவார், மாட்டுவார், மறுபடி கழற்றுவார்.

புது ஜன்னல் வரப்போகிற விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. இத்தனை நாளாக அந்த மனிதரை மனசுக்குள் என்னென்ன சொல்லித் திட்டியிருக்கிறேன். ஆனால் டீச்சரிடம் வாக்குக் கொடுத்தவனும் நான்தான். ஒரு சந்து விட்டு, அது வீட்டுக்காரர் கண்ணில் பட்டால் பதினைந்து பிள்ளைகளுக்கும் கிளாஸ் இல்லாமல் போய்விடும். 'மூஞ்சி தெரியக் கூடாதுன்னுதான் இந்த ஜன்னலே' என்று இழுத்தேன். அவர் உலைப் பக்கம் கிடந்த வளைந்த பட்டையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மூஞ்சி தெரிய வேணாங்க. சேலை ஓரத்துல நெளி ஓடுமில்ல, அது மாதிரி ஓடும் அதுக்குக் கை. அந்தக் கை போற போக்கு தெரிஞ்சாப் போதும், எம்புள்ளன்னு கண்டுக்கிருவேன்."

கை ஜாடை

அவர் போன பிறகு நான் காதர் பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால் சரி என்பாரோ வேண்டாம் என்பாரோ, ரெண்டுமே எனக்குப் பயமாக இருந்தது. அவர் உலையை ஊதிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, இடுக்கியில் பழுத்த பட்டையைத் தூக்கிக்கொண்டு, "எந்தப் பட்டையில எந்த எடம்னு சொல்லு. ஆறிட்டா அப்புறம் என்னால ஆகாது" என்றார். அளவு இல்லாமல் எப்படிச் சொல்வது? பட்டையை உலையோரம் போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்கு ஓடினோம். ஜன்னல் சட்டத்தைச் சரிபார்க்க வேண்டும் என்று சாக்குச் சொல்லி, பாயை ஜன்னலில் நிறுத்திவிட்டு நான் தெருவைத் தாண்டிக் கம்பத்தடிக்குப் போனேன். அவர் சாக்பீஸைச் சட்டத்தில் வைத்து மேலே கீழே நகர்த்த, என் கண்ணுக்கு நேராக வந்ததும் நான் தலையைச் சொறிந்தேன். அவர் கோடு போட்டுக்கொண்டார். திரும்பி வந்து வெளி வரிசையில் ஏழாவது பட்டையையும், அதற்குப் பின்னால் வருவதையும் ஒரே இடத்தில் லேசாக ஒதுங்க வைத்தோம். உள்ளங்கை அகலச் சந்து. கம்பத்தடியைத் தவிர வேறு எங்கே நின்றாலும் அது மறைந்துவிடும்.

மாசப் பிறப்புக்கு முந்தின சனிக்கிழமை, நாங்கள் மாட்டிய புது ஜன்னலை வீட்டுக்காரர் பார்க்க வந்தார். உள்ளே டீச்சர் பிள்ளைகளை ஆடச் சொன்னார். வீட்டுக்காரர் தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு நடந்தார். நடக்க நடக்க இரும்பு நெளிவதுபோலத் தெரிந்ததே ஒழிய, உள்ளே ஒருத்தியையும் அடையாளம் தெரியவில்லை. சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டது. வேலைவெட்டி இல்லாத கூட்டம் அரைமணி நேரம் பார்த்துவிட்டுச் சலித்துப்போய்க் கலைந்தது. வீட்டுக்காரர் கம்பத்தை நோக்கியும் நடந்தார். ராமலிங்கம் அன்றைக்குப் பார்த்துச் சைக்கிளைக் கம்பத்தில் சாய்த்து, சங்கிலி, பெடல், கைப்பை எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வீட்டுக்காரருக்கு நிற்க இடமில்லை. சுற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"கிளாஸ் நடக்கட்டும் டீச்சர். எங்க வீட்டு ஜன்னலா இதுன்னு எனக்கே தெரியல. ஆனா அந்தச் சைக்கிளுக்கு யாராச்சும் ஒரு நல்ல சங்கிலி வாங்கிக் குடுங்க."

ரெண்டு இஞ்ச்

ஒரு மாசம் நிம்மதியாகப் போனது. காற்று நன்றாக வருகிறது, பிள்ளைகள் கூடுதலாக ரெண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். அப்புறம் ஒரு சனிக்கிழமை, ஜன்னலில் ஒரு குறை இருக்கிறது, வந்து பார்க்கவும் என்று டீச்சர் ஆள் அனுப்பினார். எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காதர் பாயைக் கூப்பிட்டேன். "வரைஞ்சது நீ, நீயே போய்ட்டு வா" என்றுவிட்டார். போகிற வழியெல்லாம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன். அந்த அம்மாள் பிழைப்பையே நம்பி ஒப்படைத்த ஜன்னலில், அவருக்குத் தெரியாமல் ஓட்டை போட்டவன் நான். எந்தச் சமாதானமும் எடுபடுவதாக இல்லை.

கிளாஸ் நடந்துகொண்டிருந்தது. டீச்சர் தட்டுகிற கட்டையை ஒரு பெரிய பிள்ளையிடம் கொடுத்துவிட்டு, என்னை ஜன்னலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். விரலை நேராக ஏழாவது பட்டையில், அது ஒதுங்குகிற இடத்தில் கொண்டுபோய் வைத்தார். "மத்த கோடெல்லாம் மூச்சு விடாம எறங்குது. இது மட்டும் இங்க யாருக்கோ வழி விட்டு நிக்குது. மாட்டின அன்னைக்கே பாத்துட்டேன்" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அப்போதுதான் தரையில் அந்த அடையாளத்தைக் கவனித்தேன். சந்துக்கு நேரே, ஹாலின் நடுவில், சாக்பீஸால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. அதன் மேல் பத்து வயதுப் பிள்ளை ஒன்று நின்று ஆடிக்கொண்டிருந்தது. கையை மேலே கொண்டுபோய், வளைத்து, மெதுவாகக் கீழே இறக்கியது. கோடு எங்கேயும் ஒடியவில்லை. யாரும் சொல்லாமலே அது தேவி என்று தெரிந்துவிட்டது.

தப்பு என்னுடையது, பாய்க்குச் சம்பந்தமில்லை, இப்போதே அறுத்துச் சரிசெய்து தருகிறேன் என்று ஏதேதோ உளறினேன். டீச்சர் கேட்கவேயில்லை. சந்து வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் விலகியதும் நானும் குனிந்து பார்த்தேன். கம்பத்தடியில் ராமலிங்கம், ஒரு கையால் சைக்கிள் சீட்டைப் பிடித்துக்கொண்டு, கால் விரல் நுனியில் நின்றுகொண்டிருந்தார். அளவெடுத்த அன்றைக்கு நான் என் கண்ணை வைத்து அளந்திருந்தேன். அவர் என்னைவிடக் குள்ளம்.

"அறுக்கத்தான் கூப்ட்டேன் தம்பி. சந்த ரெண்டு இஞ்ச் கீழ எறக்கி விடுங்க. பாவம், ஒரு மாசமா அந்த மனுசன் எக்கி எக்கிப் பாக்குறாரு."

இத்தனை வருஷத்தில் நான் கற்றுக்கொண்ட தொழில் இவ்வளவுதான்: ஜன்னலுக்கு உள்ளே இருக்கிறவர் சொல்கிற அளவை எழுதிக்கொண்ட பிறகு, வெளியே நிற்கிறவருக்கும் ஒரு தடவை டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட வேண்டும்.